கோயில் என்று குறித்த கல்

மார்ச் 11, செவ்வாய். ஆறு மணிக்கு நடை, எட்டேகாலுக்குச் சாயா, பிறகு மட்டாஞ்சேரிச் சந்துகளில் விட்டுப்போனவற்றை, எல்லோரும் சேர்ந்து திருத்தும் இணைய வரைபடத்தில் குறிக்கும் வேலை. முந்தின வாரம் ஓர் ஆலமரத்தடியில் விளக்கு வைத்த கல்லைச் சேர்த்திருந்தேன். பட்டியலில் 'சாலையோர வழிபாட்டிடம்' என்ற வகை இருந்தும், அது மரியாதைக் குறைவாகப் பட்டதால் 'கோயில்' என்று போட்டேன்.

அந்த மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் அன்று என்னை நிறுத்தினார். மெலிந்தவர், தேனிப் பக்கத்துத் தமிழர். ஒவ்வொரு சட்டைக்கும் முன் விரலை நனைத்துப் பெட்டியின் அடியைத் தொட்டுப் பார்ப்பார். அன்று நனைக்காமலே தொட்டார். கையை உதறக்கூட இல்லை.

"சாரே, இதைக் கோயில்னு போன்ல போட்டது நீங்களா?"

"ஆமா."

"நேத்து ரெண்டு பேர் போனைக் காட்டி, யார் கமிட்டி, யார் இடம்னு கேட்டாங்க. டேப் வச்சு அளந்தாங்க. நான் வச்ச கல்லு சாரே. ரோட்டுல கோயில் கட்டினேன்னு கல்லோட என் வண்டியையும் தூக்கிடுவாங்க. மரம்னு மாத்திடுங்க."

"மரம் ஏற்கெனவே மேப்ல தனியா இருக்கே."

"அப்ப அது போதும்."

அங்கேயே நின்று நீக்கினேன். போனை வாங்கி, வரைபடத்தில் மிஞ்சிய மரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இனி யாருக்கும் தெரியாதுல்ல?"

நீக்கியதுகூட வரைபடத்தின் பழைய பதிவுகளில் இருக்கும் என்பதை நான் சொல்லவில்லை.

மறுநாள் பல் துலக்குமுன் வரைபடத்தைத் திறந்தேன். யாரோ கோயிலைத் திரும்பச் சேர்த்திருந்தார்கள். இம்முறை புகைப்படமும் இருந்தது. அதில் அவர் குனிந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.