மர ஆணி இருந்த இடம்

ஏரியூரிலிருந்து நாகமரைக்குப் போகும் சாலையில் நஞ்சப்பனின் வெல்டிங் பட்டறையைக் கடக்கிறவர்கள் முதலில் பார்ப்பது கலப்பைகளைத்தான். டிராக்டருக்கு மாட்டும் ஸ்பிரிங் கலப்பைகள், சுவரோடு சுவராகச் சாய்ந்து நிற்கும். அந்தப் பக்கத்து நிலமெல்லாம் கல். கலப்பையின் கொத்து, மண்ணைக் கீறும் அந்த இரும்புப் பல், கல்லில் பட்டால் பின்னால் மடங்க வேண்டும். கல்லைத் தாண்டியதும் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மடங்காத கொத்து கலப்பைச் சட்டத்தையே திருகிவிடும். இருபத்திரண்டு வருடமாக வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் நஞ்சப்பன். “கல்லுகிட்ட வீராப்பு காட்டக் கூடாதுங்க, மடங்கிக் குடுக்கணும்” என்பார்.

அதை மறந்த வேலை ஒன்று அவர் கையாலேயே நடந்தது.

நஞ்சப்பனுக்குக் குடியில்லை, சீட்டில்லை. ஒரே ஒரு கர்வம் இருந்தது. செய்து கொடுத்த சாமான் உடைந்து திரும்பி வரக் கூடாது. வேலை முடிந்ததும் எழுத்து அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு. இரும்பில் ‘ந’ விழும். “நஞ்சப்பன் பத்த வெச்சா பொணத்தோட கூடப் போவும்” என்று விவசாயிகள் கேலி செய்வார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அந்தக் கேலி அவருக்கு வேண்டியிருந்தது.

மேட்டூர் அணை நிரம்பினால் தண்ணீர் நாகமரை வரை ஏறி நிற்கும். அந்தத் தண்ணீரில் ஒரு தனியார் கல்லூரி சின்னப் பாய்மரப் படகு ஒன்றை விட்டிருந்தது. இரண்டு பேர் உட்காரலாம். வெள்ளை ஃபைபர். உடற்பயிற்சி ஆசிரியை மணிமேகலை ஆறு பெண்களுக்கு அதில் பயிற்சி கொடுத்தார். பரிசல்காரர்களுக்கு அது தினமும் வேடிக்கை. “வேட்டியக் காயப்போட்டுக்கிட்டே போவுது பாரு” என்பார்கள்.

பிப்ரவரியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும், எந்தக் காலத்திலோ மூழ்கிப்போன பனைகளின் அடிக்கட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்து நின்றன. அப்போதுதான் அந்த ஆறு பேரில் வெண்மதி என்ற பெண் படகின் சுக்கானைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் பட்டறைக்கு வந்தாள். ஓட்டைப் பரிசல்களுக்கு ஃபைபர் ஒட்டிக் கொடுக்கிறவர் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சுக்கான் என்பது படகின் வால்பக்கம் இரண்டு கீல்களில் தொங்கும் பலகை. மேலே பிடித்துத் திருப்ப ஒரு கைப்பிடி. தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பாதி தனித் துண்டு. அதை நேராக நிறுத்தி வைத்திருந்தது பென்சில் தடிமனில் ஒரு மர ஆணி. அது ஒடிந்திருந்தது.

“இது மூணாவது தடவைங்கண்ணா. காத்து நல்லா வர்ற நேரமாப் பாத்து இது ஒடஞ்சிடுது. கீழ்ப்பலகை மேல தூக்கிக்குது. அப்புறம் படகு எங்க பேச்சக் கேக்காது.”

“எந்த ஊரு பாப்பா நீ?”

“சித்தேரிங்க.”

“மலையில இருந்து வந்து தண்ணியில என்னா பண்ற?”

“அங்க பஸ்ஸுக்கு நிப்போம். இங்க காத்துக்கு நிக்கறோம்ங்க” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஏப்ரல்ல சென்னையில படகுப் போட்டிக்கு செலக்ஷன் இருக்குதுங்க. எங்க காலேஜ்ல ரெண்டு பேர அனுப்புவாங்க. எனக்கு இது கடைசி வருஷம். ஒடையாத மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணா” என்றாள்.

நஞ்சப்பன் ஒடிந்த ஆணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். “பென்சில் மொத்தத்துக்கு மரத்த வெச்சா ஒடையாம என்னா பண்ணும்? எந்தப் புண்ணியவான் பண்ணது இது?” துளையைப் பெரிதாக்கி, கலப்பைக்குப் போடும் உயர்ரக போல்ட்டை விட்டு, இரண்டு நட்டு வைத்து இறுக்கினார். தலையில் ‘ந’ அடித்தார். “அணையே ஒடஞ்சாலும் இது ஒடையாது, போ.”

போல்ட்டு உடையவில்லை. கடைசி வரைக்கும் உடையவில்லை.

போல்ட்டு போட்ட பத்தொன்பதாம் நாள் மத்தியானம் மேற்கிலிருந்து நல்ல காற்று. வெண்மதி சுக்கான் பிடித்திருந்தாள். மேனகா என்ற பெண் முன்னால் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் ஒரு பனங்கட்டை சுக்கானைத் தட்டியது. கீழ்க்கீல் உள்ளங்கை அளவு ஃபைபரோடு பிய்ந்து வந்துவிட்டது. படகு தன்னிஷ்டத்துக்குச் சுழன்றது. பாயின் கீழ்க்கழி வீசி மேனகாவின் தோளில் அடித்து எலும்பில் விரிசல் விட்டது. ஓட்டை வழியே தண்ணீர் ஏற, பரிசல்காரர்கள் போய் இருவரையும் தூக்கினார்கள்.

மறுநாள் படகு மினி லாரியில் பட்டறைக்கு வந்தது. மணிமேகலையும் வந்தார், வெண்மதியும் வந்தாள்.

“கட்டை இல்லாத எடத்துக்குக் கொடி நட்டு வெச்சிருந்தேன், அத விட்டு வெளிய போயிருக்கா. கேட்டா லேசாத்தான் தட்டுச்சுங்கறா” என்றார் மணிமேகலை. “நீங்களே பாத்துச் சொல்லுங்க. லேசாத் தட்டினா இவ்வளவு பிய்யுமா? இல்ல, படகே உளுத்துப் போச்சா? நான் காலேஜுக்கு எழுதிக் குடுக்கணும்.”

நஞ்சப்பன் குந்தி உட்கார்ந்தார். பிய்ந்த விளிம்பை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக, காய்ந்து, கெட்டியாக இருந்தது. உளுத்ததில்லை. சுக்கான் பலகையின் முன்விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு நசுங்கல், அதில் பனைச்சிம்பு ஒட்டியிருந்தது. பலமாக இடித்திருந்தால் பலகை பிளந்திருக்கும். அந்தப் பெண் சொன்னது சரி. லேசாகத்தான் தட்டியிருக்கிறது.

பிறகு கை போல்ட்டுக்கு வந்தது. துளை நீள்வாக்கில் இழுபட்டிருந்தது. போல்ட்டு கொஞ்சம் வளைந்திருந்தது, அவ்வளவுதான். ‘ந’ அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

தன் கலப்பையில் ஸ்பிரிங் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையைத்தான் அந்தப் பென்சில் மரம் செய்துகொண்டிருந்திருக்கிறது. கட்டை பட்டால் அது ஒடிந்து கீழ்ப்பலகையை மடங்க விட வேண்டும். மூன்று தடவை ஒடிந்தது, மூன்று தடவையும் படகைக் காப்பாற்றியது. மண்ணில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒன்று, தண்ணீருக்குள் போனதும் அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

வெண்மதி லாரியின் பின்கதவில் சாய்ந்து நின்றாள். அவள் படகைப் பார்க்கவில்லை. நஞ்சப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாங்க, இடிச்சதுதானே?” என்றார் மணிமேகலை.

“இடிச்சதுதாங்க மேடம்.”

“பலமாவா?”

நஞ்சப்பன் வேஸ்ட் துணியை எடுத்து, அழுக்கே இல்லாத கைகளைத் துடைத்தார். “இடிச்சிருக்குதுங்க.”

அந்த வார்த்தையில் பொய் எங்கே இருக்கிறது என்று பிற்பாடு எத்தனையோ நாள் தேடியிருக்கிறார். கிடைக்காததுதான் அவரை அதிகம் வதைத்தது.

“கேட்டியா வெண்மதி? உன் பேர நான் எப்பிடி அனுப்பறது?”

“சரிங்க மேடம்” என்றாள் அவள்.

படகு பட்டறையில் மூன்று வாரம் இருந்தது. அவ்வளவு நாள் வேண்டியதில்லை. பிய்ந்த இடத்தைச் சுற்றிலும் சரிவாகத் தேய்த்து, வெயிலில் காயவிட்டு, உள்பக்கம் பிளைவுட் வைத்து, ஃபைபர் விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ரெசின் பசையில் தோய்த்து ஒட்டினார். காய்ந்ததும் திரும்பத் தேய்த்தார். கலப்பை கொண்டுவந்தவர்கள் காத்திருந்து அலுத்துப் போனார்கள்.

சோறு கொண்டுவந்த அவர் மனைவி தீர்த்தம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “கல்யாணப் பொண்ணாட்டம் தடவித் தடவிப் பாக்கறீங்க. நம்ம வூட்டுக் கதவுக் கீலு ஆறு மாசமாத் தொங்குது.”

அவர் நடந்ததைச் சொல்லிவிட்டார். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது அவளிடம்தான்.

“அன்னைக்கே அந்த மேடத்துகிட்ட சொல்றதுக்கு என்னா?”

“பேரு போயிடும்ல.”

“யாரு பேரு?”

நஞ்சப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தீர்த்தம்மாள் காலித் தூக்குக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மர ஆணிக்கு மரம் தேடினார். தேக்கு கெட்டி, ஒடிய மறுத்தது. முருங்கை தொட்டாலே போனது. ஒவ்வொன்றாகச் செதுக்கி மாட்டி, பலகையின் விளிம்பில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கடைசியில் பாலக்கோட்டு மண்டியிலிருந்து வந்த பழைய தக்காளிப் பெட்டியின் சட்டம் சரியாக வந்தது. காற்றுக்குத் தாங்கியது, தட்டினால் ஒடிந்தது. ஒன்றைப் படகில் மாட்டி, மேலும் ஒரு டஜன் செய்துகொண்டார்.

படகை நாகமரையில் இறக்கிய அன்றைக்கு மணிமேகலையிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“இத அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே, நஞ்சப்பன்.”

“ஆமாங்க மேடம்.”

“செலக்ஷன் முந்தாநேத்து முடிஞ்சிது. வேற ரெண்டு பேரு போயிட்டு வந்துட்டாங்க.” படகில் ஒட்டுப் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தார். “நானும் அவ சொன்னத நம்பல.”

“அந்தப் பாப்பா எங்கீங்க?”

“ஊருக்குப் போயிட்டா. பரிட்சைக்கு மட்டும் வர்றேன்னா.”

தர்மபுரி போய், அரூர் போய், அங்கிருந்து மலை பஸ் ஏறி நஞ்சப்பன் சித்தேரி போனார். வெண்மதி வாசலில் தன் அம்மாவோடு உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து சாக்கை உதறிப் போட்டாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “ரெண்டே கால் பஸ்ஸ விட்டா அப்புறம் சாயங்காலந்தாங்க” என்றாள்.

“பாப்பா, உன் மேல தப்பில்ல. என் போல்ட்டுதான்.”

“தெரியும்ங்கண்ணா.”

“தெரியுமா?”

“கைப்பிடி என் கையிலதான இருந்துச்சு. தட்டினப்ப கீழ்ப்பலகை மடங்கலேன்னு கைக்குத் தெரிஞ்சிது.” ஒரு புளியை எடுத்துத் தட்டினாள். “நீங்களும் கண்டுபிடிச்சிட்டீங்கன்னு உங்க மொகத்துல தெரிஞ்சிது. மேடம் கேக்கறப்ப உங்களத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். சொல்லுவீங்கன்னு.”

“நீயாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே.”

“ஒடையாமப் போட்டுக் குடுங்கன்னு கேட்டதே நான்தானுங்க. நானே சொன்னா உங்கள மாட்டி வுட்டுத் தப்பிச்ச மாதிரி இருக்கும். நீங்க சொல்லியிருந்தா...” கொட்டையை ஒரு பக்கம் தள்ளினாள்.

நஞ்சப்பன் சட்டைப் பையிலிருந்து ஆணிகளை எடுத்து நீட்டினார். எதற்கு எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியாது. அவள் ஒன்றை எடுத்து, விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்ல வளைத்தாள். கொஞ்சம் தாங்கி, பிறகு சத்தமில்லாமல் ஒடிந்தது.

“சரியாத்தாங்க இருக்குது” என்றாள். இரண்டு துண்டுகளையும் அவர் கையிலேயே வைத்தாள்.

கீழே வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அம்மா ஒரு பையில் புளி கட்டி நீட்டினாள். நஞ்சப்பன் அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போனார். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம், சட்டைப் பையிலிருந்த பதினொரு ஆணிகளும் அந்த இரண்டு துண்டுகளும் அவர் நெஞ்சில் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தன.