சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றவள்

பதினாறு வருடம் லாரி ஓட்டியும் இருதயநாதன் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று திண்டுக்கல் மார்க்கெட்டில் சொல்வார்கள். 1984 மாசியில் அந்தப் பேர் போனது.

அன்று தாடிக்கொம்பு சாலைக்கு வண்டியை இடது பக்கம் ஒடித்தார். கதவை ஒட்டி, காலிப் பூக்கூடையோடு நின்ற பொன்னழகு அவர் கண்ணில் படவில்லை. வண்டி அவளைத் தள்ளியது. பின்சக்கரம் பாதத்தின் மேல் ஏறியது. கூச்சல் கேட்டு இறங்கியவர் அவளைத் தூக்கி அதே லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிறகு தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நின்றார். அவளுக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனார்.

"இம்புட்டுப் பெரிய வண்டி திரும்புறது தெரியலையா தாயி?"

"தெரிஞ்சதுண்ணே. வண்டி வாரப்பவே ஒங்க மூஞ்சியக்கூடப் பாத்தேன். நான் ஒங்களப் பாத்தா, நீங்களும் என்னப் பாத்திருப்பீகன்னு நின்னேன்."



அன்று சாயங்காலம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டு, மனைவி சலேத்மேரியை வண்டியைச் சுற்றி நடக்கச் சொன்னார். இடது கதவருகே அவள் பேசுவது கேட்டது, ஆளைக் காணவில்லை. நாலு பேர் நிற்கிற அளவு இடம். இத்தனை வருடம் அதைக் காலி இடம் என்று நினைத்து ஓட்டியிருக்கிறார்.

இடப்பக்கத்துக்குக் கண்ணாடி கேட்டதற்கு முதலாளி சிரித்தார். சௌகத் அலியின் லாரி சாமான் கடையில் அவரே ஒன்று வாங்கி மாட்டினார். அப்போதும் கொஞ்ச இடம் மறைந்தது. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை நிறுத்தி, இடது ஜன்னல் வரை சாய்ந்து கீழே பார்த்த பிறகே ஒடித்தார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள்.

காலையில் மார்க்கெட்டுக்கு வரும் பூக்காரப் பெண்களை ஒவ்வொருவராக லாரியில் ஏற்றி ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தார். கூட வந்தவளை இடது கதவருகே நிறுத்தினார்.

"கீழ நிக்கிற ஒந்தங்கச்சி தெரியுறாளா?"

ஏறும்போது வாயைப் பொத்திச் சிரித்தவர்கள் இறங்கியதும் கதவை விட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள்.

சித்திரையில் பொன்னழகு நொண்டிக்கொண்டு வந்தாள். அவளைக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. அவளே கம்பியைப் பிடித்து ஏறினாள். கூட வந்த அவள் புருஷன் இடது கதவருகே போய் நின்றான். அவள் வெகுநேரம் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியலையேண்ணே. படுக்கையில கெடந்து ஒங்கள எம்புட்டோ வஞ்சேன்."

"வஞ்சது சரிதான் தாயி. பாக்காமத் திருப்புனது நாந்தானே."

கோர்ட்டிலும் அவர் அப்படியேதான் சொன்னார்.