முகம் தெரியாதவருக்கு ஒரு பங்கு மீன்

போன மழைக்காலத்தில், திருவொற்றியூரில் எங்கள் குப்பத்தில் நடந்தது. நான் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அண்ணன் கடலுக்குப் போகிறவர். எங்கள் பைபர் படகுகள் எங்கே இருக்கின்றன என்று வீட்டுப் பெண்கள் செல்போனில் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன ஆப் செய்து கொடுத்திருந்தேன். அவரவர் படகு மட்டும்தான் அவரவருக்குத் தெரியும். அந்த விஷயத்தில் எங்கள் ஆட்கள் படு கறார். மீன் படுகிற இடத்தைக் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். ரகசியம் வெளியே போகாது என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் படகில் போனை ஆன் செய்யவே சம்மதித்தார்கள்.

அன்று காலை ஓர் எச்சரிக்கை வந்தது. பாஸ்வேர்டைச் சரிபார்க்க, யாரோ எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருந்த ஒரு லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, ஆப்பில் சேர்த்திருந்தேன். அதில் ஓட்டையாம். பாஸ்வேர்டு இல்லாமலே யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாமாம். ஓட்டையை அடைத்த புதிய பதிப்பு வந்திருந்தது. அதைப் போட்டால் படகில் இருக்கும் பழைய போன்களில் ஆப் ஓடவில்லை. வேறு வழியில்லாமல் ஆப்பையே நிறுத்தினேன்.

நேரம் பார்த்துக் கடலில் காற்று வலுத்தது. அண்ணி ஓடி வந்தார்.

"இன்னாமா, போட்டு எங்க கீதுன்னே காட்டல? உங்கண்ணனுக்கு போன் போட்டாலும் எடுக்க மாட்டேன்றாரு. காத்து வேற ஏறுது."

"கொஞ்சம் இருங்க அண்ணி" என்றேன்.

லைப்ரரியைப் பராமரிப்பவருக்கு எழுதி, பழைய பதிப்பைச் சரிசெய்ய வழி உண்டா என்று கேட்டேன். அதை எப்போதோ கைவிட்டாயிற்று, நீங்கள் ஏன் இன்னும் அதிலேயே இருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. சுருக்கென்றது. வந்த ஆத்திரத்தில், கடலில் இருக்கும் அண்ணனையும் பக்கத்தில் தவித்துக்கொண்டு நிற்கும் அண்ணியையும் பற்றி அப்படியே கொட்டிவிட்டேன். "இருங்கள், இப்போதே பார்க்கிறேன்" என்று ஒரே வரி வந்தது. சம்பளம் இல்லாமல் அந்த வேலையைச் செய்கிற மனிதர், எங்கள் மதியச் சமையல் முடிவதற்குள் கைவிட்ட பதிப்பையும் சரிசெய்து அனுப்பிவிட்டார்.

அதைப் போட்டு ஆப்பைத் திறந்தேன். எண்ணூர் முகத்துவாரத்துக்குத் தெற்கே அண்ணனின் படகு கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அண்ணி போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

படகைக் கரையேற்ற ஒரு கை கொடுத்தவருக்கும் குழம்புக்கு மீன் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்று அண்ணன் பத்திரமாகக் கரை சேர்ந்ததும், பங்கு பிரிக்கும்போது அண்ணி கொஞ்சம் மீனைத் தனியாக எடுத்துவைத்தார்.

"இது அந்தப் புள்ளைக்கு."

எந்த நாடோ, ஆணோ பெண்ணோ, எனக்கே தெரியாது என்றேன்.

"தெரியலன்னா இன்னா? நம்ம போட்ட கரைக்கு இழுத்து உட்ட புள்ளதானே?"

அந்த மீனை நாங்களேதான் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். ஆனால் படகு பத்திரமாகக் கரையேறும் ஒவ்வொரு நாளும், அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றும் மனசு தானாகவே நினைத்துக்கொள்கிறது.