வாவித் தண்ணீர் குடித்த லொறி

சூடேறிய எஞ்சின் எண்ணெயும் புது நெல்லும் கலந்த வாசனைதான் எனக்கு அப்பாவின் வாசனை. மட்டக்களப்பு வாவியோரம் அந்நாளில் ஓடியவை இரண்டு வகை லொறிகள்: கல்லும் மரமும் ஏற்றுகிற, பக்கங்கள் திறந்த ‘தட்டு லொறி’, நெல் சிந்தாதபடி சுற்றிலும் பலகை அடைத்த ‘பெட்டி லொறி’. அப்பாவுடையது பெட்டி லொறி, அதுவும் சொந்த லொறி. அந்தப் பெருமை அவரைவிட எனக்குத்தான் அதிகம். சில்லு, மட்காட், முன்னால் செருகிச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் ‘ஹாண்டில்’ என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்லுவேன். தேநீர் கொதிக்கிற பாத்திரம்போல ஆவி விடுகிற ரேடியேட்டருக்குப் பிள்ளைகள் நாங்கள் வைத்த பெயர் ‘கேத்தில்’. அதற்கு அப்பா கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடித்துத்தான் ஊற்றுவார். “உப்புத் தண்ணி பட்டா அரிச்சுப் போயிரும் மகள்” என்பார். எங்களுக்குக்கூட அவர் அப்படித் தண்ணீர் வடித்துத் தந்ததில்லை!

இரண்டாம் உலக யுத்தகாலம், எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு நோவு கண்டு ஒரு நாள் முழுக்கக் கழிந்தும் பிள்ளை பிறக்கவில்லை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று காலையில் மருத்துவிச்சி கைவிரித்துவிட்டாள். லொறிப் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, பாய் விரித்து அம்மாவைக் கிடத்தினார்கள். கால்மாட்டில் மருத்துவிச்சி, தலைமாட்டில் நான். அம்மாவின் முகம் வேர்க்க வேர்க்க, அங்கிருந்த தகரத்துத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன், கேட்டபோதெல்லாம் குடிக்கவும் கொடுத்தேன். அது ரேடியேட்டருக்கு வைத்த தண்ணீர் என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

கல்லடிப் பாலத்தின் நடுவில் கேத்தில் கொதித்து லொறி நின்றுவிட்டது. அப்பா ஓடிவந்து தகரத்தைத் தூக்கினார். அது வெறுந்தகரமாக இருந்தது.

“நான்தான் அப்பா, அம்மாக்குக் குடுத்திட்டன்” என்று அழுதேன்.

“அழாதகா மகள். நல்லதுதான் செஞ்ச” என்றவர், பாலத்துக்குக் கீழே தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, தகரத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார்.

“உப்புத் தண்ணி அண்ணே! லொறிக்கு ஆகாதே!”

“தெரியும் தம்பி. நீ அள்ளு.”

ஆவி அடங்குமுன் மூடியைத் திறக்க முடியாது. அம்மாவின் முனகலைக் கேட்டபடி அவர் காத்து நின்றார். பிறகு வாவித் தண்ணீரை ஊற்றி, ஹாண்டிலைச் சுழற்றினார். லொறி ஓடியது.

தம்பி பிறந்தான். அம்மா கண் திறக்க நாலு நாளாயிற்று. அதுவரை அப்பா ஆஸ்பத்திரி விறாந்தையை விட்டு நகரவில்லை. வாசலில் நின்ற லொறியின் உப்புத் தண்ணீரை இறக்கிவிட வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. சில மாதங்களில் ரேடியேட்டர் சல்லடையாகிவிட்டது. யுத்தத்துக்குள் மாற்றுச் சாமானுக்கு எங்கே போவது? அதன்பின் கடைசிவரை அப்பா ஊரார் லொறிகளைத்தான் ஓட்டினார்.

தம்பி குழப்படி செய்தால், “என்ட லொறியத் திண்ட கள்ளன்!” என்று துரத்திப் பிடிப்பார், அடிக்க ஓங்கிய கை அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளும்.

இன்று பெட்டி லொறிகளும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. போன மாதம் தம்பி வந்திருந்தான், பேரப்பிள்ளைகள் கண்டவன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து, “அக்கா, அப்பா ஏசுற மாதிரி ஒருக்கா ஏசு” என்றான்.

ஏசத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.