சாகா விற்க மறுத்த லேபிள் அக்கா

மருத்துவமனைக்குப் போகிற தெருவில் அவளை எல்லோரும் லேபிள் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட. அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. வந்த வரன்களையெல்லாம் கேள்வி கேட்டே விரட்டிவிட்டாள் என்று அவளுடைய அக்கா சொல்வாள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் கேட்கவில்லை.

பதினெட்டு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்தவள். இயந்திரமே இணைப்பு கொடுக்கத் தொடங்கியதும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "சும்மா உக்காந்து சுவத்தப் பாக்காத. கடைக்கு வா" என்றாள் அக்கா. அக்காவின் கணவர் தேயிலைக்கடை வைத்திருந்தார். முப்பத்திரண்டு தகர டப்பாக்கள், ஒரு தராசு, எப்போதும் முனகிக்கொண்டிருக்கும் வெந்நீர்க் கொதிகலன், வாங்குவதற்கு முன் ருசி பார்க்க நான்கு முக்காலிகள். அவ்வளவுதான் கடை.

அத்தான் நல்ல மனிதர். ஆனால் கையில் மார்க்கர் பேனா கிடைத்தால் அவரைப் பிடிக்க முடியாது. பச்சைத் தேநீர் டப்பாவில் 'கொழுப்பு பறந்தோடும்!' என்று எழுதியிருந்தார். செம்பருத்தி டப்பாவில் 'ரத்த அழுத்தத்துக்கு விடை கொடுங்கள்!' கடைக்குக் காளான் வகைகள் வந்து சேர்ந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மெருகேற்றிய மரத்துண்டு மாதிரி இருக்கும் ரீஷி. வெள்ளைத் தாடி மாதிரி தொங்கும் சிங்கப்பிடரி. அடுப்புக்கரி போலக் கறுத்த சாகா. சிங்கப்பிடரிக்கு 'மறதியை மறந்துவிடுங்கள்!' என்று எழுதினார். சாகாவுக்கு ஒரு முழு அட்டையே எடுத்துக்கொண்டார். 'சாகா! பேரிலேயே இருக்கிறது!'

"அத்தான், அது அந்தக் காளானோட பேரு. அது வளர்ற ஊர்ல வெச்ச பேரு. நம்ம 'சாகாவரம்' வேற."

"இருக்கட்டுமே. ஜனங்களுக்கு நல்லாப் புரியுதுல்ல?"

"தப்பாப் புரியுது."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மற்றவர்களை ஏமாற்ற எழுதியவர் என்றால் அவள் அன்றைக்கே சண்டை போட்டிருப்பாள். அவர் எழுதியதை முதலில் நம்பியவர் அவரேதான். சிக்கல் அங்கேதான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, அத்தானின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. வெள்ளைச் சட்டை, தராசுத் தட்டு, எடைபோட்டு வைத்திருந்த மல்லிகைத் தேயிலை எல்லாம் சிவப்பு. அவள் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே, தெருவைத் தாண்டி மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. டாக்டர் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: மூன்று வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டு, தினம் நாலு வேளை செம்பருத்தித் தேநீர் குடித்திருக்கிறார்.

"செம்பருத்தி கொஞ்சம் அழுத்தத்தக் குறைக்கும், இல்லைங்கல. ஆனா மாத்திரை செய்ற வேலைய அது செய்யாது. உங்கள யாரு இப்படிச் செய்யச் சொன்னது?" என்றார் டாக்டர்.

அத்தான் மூக்கில் பஞ்சோடு கூரையைப் பார்த்தார். "டப்பால எழுதியிருந்துச்சு" என்றார்.

பக்கத்தில் நின்ற அக்கா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

அவர் இரண்டு நாளில் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த இரண்டு நாளில் இவள் கடையிலிருந்த முப்பத்திரண்டு அட்டைகளையும் பிய்த்துப் போட்டுவிட்டாள். பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எதிர்த்த மருந்துக்கடைக்குப் போனாள். அங்கே மருந்தாளராக இருந்த பெண் பொறுமைசாலி. எந்த இலை எதற்கு நல்லது, எந்த மாத்திரையோடு எது சேராது, எதைப் பற்றி இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்று பதினைந்து நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், இவள் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். அப்புறம் தன் குண்டுக் கையெழுத்தில் புதிய லேபிள்கள் ஒட்டினாள்.

'பச்சைத் தேநீர். சுறுசுறுப்பாக இருக்கும். சாப்பிட்ட உடனே குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் பொறுங்கள். கொழுப்பு பறந்தோடாது. நீங்கள் ஓடினால் அதுவும் கொஞ்சம் ஓடும்.'

'புதினா. வயிற்று உப்புசத்துக்கு இதம். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு ஆகாது.'

'ரீஷி. கசக்கும். நன்றாகத் தூங்கினேன் என்று சிலர் சொல்கிறார்கள், நிரூபணம் போதாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.'

'சிங்கப்பிடரி. ருசி அருமை. ஞாபகசக்தி கூடுமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். முடிவு தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன், எனக்கு ஞாபகம் இருந்தால்.'

மூன்று வாரம் வீட்டில் ஓய்வெடுத்துவிட்டுக் கடைக்கு வந்த அத்தான் இதையெல்லாம் வரிசையாகப் படித்தார். "ஏம்மா, இது கடையா, கோர்ட்டா?" என்றார். ஆனால் எதையும் கிழிக்கவில்லை.

முதல் மாதம் கூட்டம் குறைந்தது. இரண்டாம் மாதம் லேபிள் படிப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். நர்ஸுகள் ஷிப்ட் முடிந்து வந்து ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டிச் சிரித்தார்கள். படிக்க வந்தவர்கள் முக்காலியில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் குடித்தார்கள். பெயரும் ஒட்டிக்கொண்டது: லேபிள் அக்கா.

அந்தச் சமயத்தில்தான் டிரைவர் வந்தார். அந்தத் தெருமுனை வரை வரும் பேருந்தை ஓட்டுபவர். ஐம்பத்திரண்டு வயது, பெரிய மீசை, மனைவி இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. காக்கிச் சட்டையோடு உள்ளே நுழைந்தவர் லேபிள் எதையும் பார்க்கவில்லை.

"சாகா இருக்காமே? கால் கிலோ குடுங்க."

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்கண்ணே? ஏதாவது வியாதி உண்டா?"

"டீ வாங்க வந்தவன்கிட்ட ஜாதகம் கேக்குறீங்க? ரெண்டு தடவ கிட்னில கல்லு. அதுக்குத்தான் இது. எங்க டிப்போல சொன்னாங்க, எல்லாத்தையும் கரைச்சிரும்னு."

அவள் டப்பா மூடியை அழுத்தி மூடினாள். "இது கல்லக் கரைக்காதுண்ணே. கல்லு கட்டுற உப்பு இதுலயே நிறைய இருக்கு. உங்களுக்குத் தர மாட்டேன்."

"காசு குடுக்குறேங்க!"

"கல்லையும் நான் குடுக்கணுமா?"

அவர் முகம் சிவந்து, விருட்டென்று போய்விட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்து நின்றார். தன் டாக்டரிடமே கேட்டுப் பார்த்தாராம். "அவரும் அதேதான் சொல்றாரு. தண்ணி குடி, தண்ணி குடின்னு திட்றாரு. ஸ்டியரிங் புடிச்சா ரெண்டு மணி நேரம் இறங்க முடியாது, எங்க குடிக்கிறது?" என்றார். அவள் ஒரு பெரிய கோப்பையில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து அரை எலுமிச்சையைப் பிழிந்து நீட்டினாள்.

"இங்க குடிங்க. வண்டி இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நிப்பாட்டிக் குடிங்க. டிப்போ வந்ததும் அடக்கி வைக்காம பாத்ரூம் போய்ட்டு வாங்க."

"டீக்கடைக்கு வந்து தண்ணி குடிக்கணுமா?"

"குடிச்சுட்டுப் பேசுங்க."

தெருமுனையில்தான் வண்டி பத்து நிமிடம் நின்று திரும்பும். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை அவர் வந்து எலுமிச்சைத் தண்ணீர் குடித்தார். இப்படிப் பத்து மாதம். அவளும் பேருந்தின் ஹாரன் கேட்டதும் கோப்பையைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள். தாமதமானால் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பாள். "ரோட்டுல எவ்ளோ டிராபிக் பாரு" என்று காற்றிடம் சொல்வாள். அக்கா உள்ளே டப்பா துடைத்தபடி சிரிப்பை அடக்குவாள். அவர் வழியில் பார்த்ததையெல்லாம் சொல்வார்: டிக்கெட் எடுத்துவிட்டு இறங்க மறந்து தூங்கியவர், மடியில் மீன் தொட்டியோடு ஏறிய பெண், பிரேக் போட்டால் கைதட்டும் குழந்தை. அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இத்தனை வருடம் மற்றவர்களின் பேச்சை இணைத்துவிட்டே காலம் போய்விட்டது. தன்னிடம் பேசவென்று ஒருவர் வருவது அவளுக்குப் புதிது.

பதினோராம் மாதம் ஸ்கேன் எடுத்தார். ஒரு கல்கூட இல்லை. அந்தத் தாளைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். முக்காலியில் இருந்த நர்ஸுகள் கைதட்டினார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நல்லதுண்ணே" என்றாள்.

அவர் தாளை மடித்தார். "ஒரு உதவி பண்ணுவீங்களா? இந்த அண்ணே மட்டும் வேண்டாமே."

நர்ஸுகள் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நீங்க மட்டும் என்னை அக்கான்னு கூப்பிடலாமா?" என்று கேட்டாள் அவள். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கே புரிந்தது. முகத்தை மறைக்க இஞ்சி டப்பாவுக்குப் பின்னால் குனிந்தாள்.

"நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லைங்க. யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்தாள். பத்து மாதமும் 'ஏங்க', 'இங்க பாருங்க' என்றுதான் கூப்பிட்டிருந்தார். அக்கா உள்ளிருந்து ஓடி வந்தாள். அத்தான் கையில் மார்க்கர் பேனாவோடு வந்து, "தேதி எழுதிரலாமா?" என்றார்.

எழுதத்தான் செய்தார்கள், ஆனால் பதிவு அலுவலகத்துப் புத்தகத்தில். சாட்சிக் கையெழுத்துப் போட்டது மருந்துக்கடைப் பெண்ணும் ஒரு கண்டக்டரும். அன்று மதியம் டிப்போக்காரர்கள் மொத்தமாகக் கடைக்கு வந்தார்கள். உட்கார இடமில்லாமல் நடைபாதையில் நின்றே ஆளுக்கொரு கோப்பை குடித்தார்கள். ஒவ்வொருவரிடமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மணப்பெண் ஊற்றினாள். யாருக்கும் கோபம் வரவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில், டிப்போவுக்குப் பின்னாலிருக்கும் காலி மைதானத்தில், அவர் அவளுக்குப் பழைய கார் ஒன்றில் ஓட்டப் பழக்குகிறார். கிளட்ச்சை விட்டதும் வண்டி தவளை மாதிரி குதிக்கிறது. "மெதுவா, மெதுவா" என்று அவர் கதவைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். அவள் சிரிக்கிற சிரிப்பில் ஸ்டியரிங் இன்னும் வளைகிறது. போன வாரம் முதல்முறையாக நின்றுபோகாமல் மைதானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தாள்.