வலது கையில் பிளாட்டினம்

2025 ஆகஸ்ட் 20, புதன்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். பள்ளிவாசல் போய் வந்து சர்க்கரையில்லாத டீ. ஒன்பது மணிக்கு ராஜபாளையத்தில் என் பேண்டேஜ் துணிக் கடையைத் திறந்தேன். அஸர் தொழுகை முடிந்ததும் ஐந்து பத்து பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர்.

போன காரியம் கைக்கடிகாரம். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த நண்பன் அங்கே இருக்கிறான். அவன் மகளுக்கு இன்னும் ஒன்பது நாளில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வாட்ச் போட வேண்டும். தன் மில் நன்றாக ஓடிய காலத்தில் அவன் ஒரே வாட்ச்சை இரண்டு உலோகத்தில் வாங்கியிருந்தான். ஒன்று மஞ்சள் தங்கம், ஒன்று பிளாட்டினம். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் விநாடி முள் தனியாக ஓடி, மறுபடி அழுத்தினால் நிற்கும்.

“எதைக் கொடுக்க, எதை வச்சிக்கிட? நீதான் எதையும் எழுதிப் பார்த்துச் சொல்லுவ. வாலே” என்று போனில் சொல்லியிருந்தான்.

வாசலிலேயே அவன் மனைவி என்னை நிறுத்தினார். இரண்டு வருடமாக நண்பனின் வலது கை நடுங்குகிறது.

“தாரை வார்க்க அவுக தம்பிய நிக்கச் சொல்லிட்டாவண்ணே. சபையில தண்ணி சிந்திருமாம். ஒரே பொண்ணு. நீங்களாவது சொல்லுங்க.”

உள்ளே அவன் இரண்டு வாட்ச்சையும் மஞ்சள் துண்டின் மேல் வைத்துக் காத்திருந்தான். நான் தங்கம் அணிவதில்லை. அதனால் தங்கத்தை அவன் கையிலும் பிளாட்டினத்தை என் கையிலும் கட்டிப் பார்த்தோம்.

“பாய்க்குன்னே ஒண்ணு செஞ்சிருக்கான் பாரு” என்று சிரித்தான்.

தங்கத்துக்கு வெள்ளை முகப்பு, பிளாட்டினத்துக்குக் கருநீலம். ட்யூப் லைட்டில் தங்கம் நல்லெண்ணெய் போல மின்னியது. அதன் கீறல்களும் சேர்ந்தே மின்னின. பிளாட்டினத்தில் கீறல் மங்கலாக அடங்கியிருந்தது. பொத்தான் இரண்டிலும் ஒரே மாதிரிதான் அமுங்கியது. சமையல்கட்டுத் தராசில் தங்கம் தொண்ணூற்று மூன்று கிராம், பிளாட்டினம் நூற்று இருபத்தொன்று. அழகு தங்கம்தான் என்று நோட்டில் எழுதினேன்.

“விலை கூடுதல் பிளாட்டினம்லா? அதைத்தான் மாப்பிள்ளைக்குக் கொடுக்கணும்” என்றான் அவன்.

“பார்க்க எவர்சில்வர் மாதிரி இருக்கு” என்றார் மனைவி. “சம்பந்தி வீட்டுல ஒவ்வொருத்தர்ட்டயும் போய் வெலயச் சொல்லிக்கிட்டு நிப்பியளா?”

பிளாட்டினம் அவன் கையில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கழற்றி, எதிரே உட்கார்ந்தபடியே கட்டிவிட்டேன். கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, என் இடது கைக்கு நேரே இருந்தது அவனுடைய வலது கை.

“ஏலே, கண்ணாடியைப் பார்த்தா கட்டுன? அம்புட்டுத்தானா ஒன் கணக்கு?” என்று சொல்லிக்கொண்டே அந்தக் கையாலேயே டீ தம்ளரை எடுத்தான். டீ சிந்தவில்லை. அவன் கவனிக்கவில்லை, நானும் அவன் மனைவியும் கவனித்தோம்.

“கீழ வைக்காத” என்றேன்.

அவன் டீயைக் குடித்ததும் அதே தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றச் சொன்னேன். தங்க வாட்ச்சை என் உள்ளங்கையில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். பதினெட்டு விநாடிக்குப் பிறகுதான் முதல் சொட்டு விழுந்தது. பிளாட்டினத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம்: நாலு. தங்கத்தை வலது கையில் கட்டி, என் போனில் நேரம் பார்த்தோம்: ஒன்பது. மறுபடி பிளாட்டினம்: மறுபடி பதினெட்டு. கனத்தால்தானா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

“அப்போ தங்கம் மாப்பிள்ளைக்கு” என்றார் மனைவி. தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவன் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். “தாரை வார்க்க எம்புட்டு நேரம் ஆகும்லே?”

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தாரைச் சொம்பை எடுத்துவரச் சொல்லி அளந்தேன். சரியாக ஓர் உழக்குத் தண்ணீர் பிடித்தது. மூக்கு வைத்த சொம்பு. நூல் போல ஊற்ற வேண்டுமாம். நோட்டில் குறித்துக்கொண்டு எட்டரை பஸ்ஸில் திரும்பினேன்.

மறுநாள் காலை தொழுதுவிட்டு வந்ததும் முதல் வேலையாக, டீ கூடப் போடாமல், மூக்குக் கெண்டியில் ஓர் உழக்குத் தண்ணீர் எடுத்து, அடுப்படித் தொட்டியில் நூல் போல ஊற்றினேன். போனில் நேரம் பார்த்து மூன்று தடவை; மூன்றிலும் ஒரே கணக்கு. பிறகு அவனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

“பதினாறு” என்றேன்.



“அப்போ ரெண்டு மிச்சம்லே” என்றான். “தம்பிகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்.”