குழலுக்குக் கீழே

படையில் அவரை எல்லோரும் ஜன்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாக டாங்க் ஓட்டுகிறார். வண்டி நின்றால் போதும், தலைக்கு மேலிருக்கும் இரும்பு மூடியைத் திறந்து கழுத்தை வெளியே நீட்டிவிடுவார்.

"பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு அழுற கொழந்தை தோத்துச்சு போங்க அண்ணே" என்பான் பீரங்கியைச் சுடும் கன்னர். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்தால்தான் யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள்.

போன வருடம் ஓடையைக் கடக்கும்போது வண்டி சேற்றில் புதைந்து, நாற்பது நிமிடம் உள்ளேயே கிடந்தார். அன்றிலிருந்து மூடி விழும் சத்தம் கேட்டாலே நெஞ்சை அடைக்கும். இது மனைவிக்கு மட்டும் தெரியும்.

"இந்தப் பயிற்சி முடிஞ்சதும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா நானே வந்து சொல்லிடுவேன், ஆமா."

சொன்னால் அன்றே வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். அப்புறம் கிடங்கில் உதிரி சாமான் எடுத்துக்கொடுக்கும் வேலைதான். சொல்லாவிட்டால் கூட இருப்பவர்கள் உயிருக்கே ஆபத்து. சொல்கிறேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

அந்த வண்டியில் ஒரு வில்லங்கம் உண்டு. பீரங்கிக் குழல் நேராக முன்னால் பார்த்து நின்றால், டிரைவரின் மூடி அதன் அடியில் மாட்டிக்கொள்ளும், திறக்காது. அதனால் வண்டி நின்றதும் டிரைவர் குரல் கொடுப்பார், கன்னர் குழலை ஓரமாகத் திருப்புவான்.

அன்று பதுங்கித் தாக்கும் பயிற்சி. மேட்டுப் புதருக்குப் பின்னால் வண்டியை ஒளித்து, இன்ஜினை அணைத்தார்.

"குழலை ஓரங்கட்டுப்பா."

"வேணாம்" என்றார் லெப்டினன்ட். படைக்கு வந்து ஐந்தே மாதம் ஆன இளைஞர். வண்டிக்குத் தலைவர் அவர்தான். "எதிரணி அந்த வளைவுலதான் வரும். குழல் அசைஞ்சா தூரத்துலேயே கண்டுபிடிச்சுடுவாங்க."

மூடியை மூடியபடி வெளியே பார்க்க உதவும் பெரிஸ்கோப்பில் தெரிந்தது கையகலப் பாதையும் ஒரு முள்செடியும். முதல் மணி நேரத்தை அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு கடத்தினார். இரண்டாவது மணி நேரத்தில் சேற்று நாற்றம் வந்தது. அங்கே சேறே இல்லை.

"சார், திருப்புங்க."

"என்னண்ணே, காத்து வாங்கணுமா?" ஹெட்போனில் கன்னரின் குரல்.

"விளையாடாதடா! என்னால முடியல. சார், செத்துடுவேன் சார்."

"திருப்பு" என்றார் லெப்டினன்ட். பிறகு குழல் நகர்ந்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு தலையை வெளியே நீட்டி, வாயால் மூச்சை இழுத்தார். அதே நேரம் ரேடியோவில் பயிற்சி நடுவர் அறிவித்தார்: அவர்கள் வண்டியை எதிரணி அழித்துவிட்டது.

மாலையில் கர்னல் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். "குழலைத் திருப்பினது எந்த அறிவாளி?"

ஜன்னல் ஓரடி முன்னால் எடுத்து வைத்தார். வாய் திறப்பதற்குள் லெப்டினன்ட் முந்திக்கொண்டார்.

"நான்தான் சார். வேற பக்கம் வர்றாங்கன்னு தப்பாக் கணிச்சுட்டேன்."

கர்னல் வாங்கு வாங்கென்று வாங்கினார். லெப்டினன்ட் தலைகுனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

கலைந்ததும் ஜன்னல் ஓடிப்போய் லெப்டினன்ட்டைப் பிடித்தார். "சார், நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

"சொன்னா, கர்னல்கிட்ட நான் பொய் சொன்னதா ஆயிடும்." தோளில் கைவைத்தார். "உங்களை விட்டுக்கொடுப்பேனா? உங்களை மாதிரி டிரைவர் எனக்கு எங்க கிடைப்பாரு?"

வீட்டில் ஷூவைக் கழற்றுவதற்குள் மனைவி வந்து நின்றாள். "சொல்லிட்டீங்களா?"

"அதுக்குள்ள வேற ஒருத்தர் சொல்லிட்டாரு."

"என்னன்னு?"

அவர் குனிந்து ஷூ முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை வண்டிக்குள் இறங்கினார்.

"தயாரா?" லெப்டினன்ட் அன்பாகத்தான் கேட்டார்.

"தயார் சார்."

மூடியை இழுத்துச் சாத்தினார். மேலே குழல் திரும்பி, நேராக வந்து நின்றது.